பலகை சொன்ன பதினாலு நிமிடம்

பெர்னிஸ் ஸரெம்பாவிடம் வாலாட்டியவன் எவனும் சும்மா போனதில்லை. நம்பாவிட்டால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பெரும் பனியைச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் முதுகொடியப் பனியை வாரிப் போட்டு, தெருவோரம் கார் நிறுத்த ஓர் இடம் உண்டாக்கி, ஊர் வழக்கப்படி அதில் ஒரு சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நாற்காலி கிடந்தால் அந்த இடம் வாரியவருக்குச் சொந்தம். அதில் யாரும் கை வைப்பதில்லை. எதிர்வீட்டுக்காரன் வைத்தான். நாற்காலியை வேலியோரம் வீசிவிட்டுத் தன் காரைக் கொண்டுவந்து சொருகினான். திரும்பி வந்த பெர்னிஸ் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்து, அந்தக் கார்மேல் ஒரு மணி நேரம் நிதானமாகத் தண்ணீர் அடித்தாள். விடிந்தபோது கார் ஒரு பனிப்பாறைக்குள் இருந்தது. மார்ச் மாதம் வரைக்கும் எதிர்வீட்டுக்காரன் பஸ்ஸில்தான் போனான்.

அப்படிப்பட்டவளைத்தான் டக்ளஸ் ஹேவர்லி பொய்க்காரி என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். இந்தக் கதையில் பெர்னிஸை உரிமையோடு அவள் என்பேன், மற்றவர்களை மரியாதையாகத்தான் சொல்லப் போகிறேன். அவனுக்கு மட்டும் எனக்கு மரியாதை வாயில் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவள் பார்த்த வேலை விசித்திரமானது. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு, தொண்ணூற்றாறில் ஹேவர்லியின் கம்பெனியில் சேர்ந்தாள். சிகாகோவுக்கு மேற்கே எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், குறுக்கே போகும் கால்வாய் ரோட்டில், எங்கிருந்து எங்கே போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஓட்டிப் பார்த்து எழுதித் தருவது கவுண்டியோடு கம்பெனி போட்ட ஒப்பந்தம். அந்த நிமிடங்கள் ரேடியோவுக்கும் ரோட்டுக்கு மேலே தொங்கும் பெரிய பலகைக்கும் போகும். ஜனங்கள் பலகையை அண்ணாந்து பார்த்து, ரோட்டில் ஏறுவதா, கீழ்ரோட்டில் சிக்னல் சிக்னலாக நின்று போவதா என்று முடிவு செய்வார்கள்.

ஓட்டுவது என்றால் இஷ்டத்துக்கு ஓட்டுவதில்லை. அதற்கு ஒரு சட்டம் உண்டு. எத்தனை கார் உன்னை முந்துகிறதோ, அத்தனை காரை நீ முந்த வேண்டும். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. அப்போதுதான் நீ ஓட்டியது ஊரார் ஓட்டும் வேகம். இதற்காக ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் அமுக்கினால் எண் ஏறும் இரண்டு கிளிக்கர் கட்டியிருக்கும். ஒருவன் முந்தினால் இடது கட்டைவிரல் ஒரு டிக். நீ முந்தினால் வலது கட்டைவிரல் ஒரு டிக். முடிவில் இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பெர்னிஸ் பதிமூன்று வருஷம் அப்படி ஓட்டினாள். நடுவில் காருக்குள் கொசு கடித்தால்கூடச் சொறிய மாட்டாள். கடைசியில் கடையில் பால் வாங்கப் போனாலும், தள்ளுவண்டியோடு தன்னை முந்துகிறவர்களை எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் லென்னி, "கெழவிக்குக் கட்டைவெரல்லதான் மூளை" என்று சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்தொன்பது கோடையில் ரோட்டோரக் கம்பங்களில் சின்னச் சின்னப் பெட்டிகள் முளைத்தன. அந்த வழியே போகிற கைப்பேசிகளையும் காதில் மாட்டும் கருவிகளையும் பெட்டி மோப்பம் பிடிக்கும். ஹார்வுட் என்ற இடத்துப் பெட்டியைத் தாண்டிய அதே கைப்பேசி கவுண்டி ஆபீஸ் பக்கத்துப் பெட்டியை எப்போது தாண்டுகிறது என்று பார்த்தால், நிமிடம் கிடைத்துவிடும். ஆள் வேண்டாம், கார் வேண்டாம், கிளிக்கர் வேண்டாம். ஹேவர்லி புது மாப்பிள்ளை மாதிரி துள்ளினான். பெட்டி சரியாகச் சொல்கிறதா என்று கொஞ்ச நாள் சரிபார்ப்பதற்காக மட்டும் பெர்னிஸையும், அவளோடு ஓட்டிக்கொண்டிருந்த ஓடெல் பிக்கன்ஸையும் வைத்திருந்தான்.

காலையில் சரி பார்த்தாள், சரியாக இருந்தது. மத்தியானம் பார்த்தாள், அதுவும் சரி. சாயங்காலம் நாலு மணிக்குப் பார்த்தபோதுதான் வந்தது வினை. ஹார்வுட்டில் ஏறும்போது பலகை, கவுண்டி ஆபீஸுக்குப் பதினாலு நிமிடம் என்றது. பெர்னிஸ் போய்ச் சேர முப்பத்தொன்பது ஆயிற்று. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. அதற்கடுத்த வாரம் நாற்பத்தொன்று. பலகை மட்டும் பதினாலை விட்டு நகரவில்லை. அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மறுபடியும் முப்பத்தொன்பது என்று மஞ்சள் தாளில் எழுதி, ஒரு படியைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தபோது, ஹேவர்லி அவளை உள்ளே கூப்பிட்டான்.

"பெட்டி பதினாலுங்குது. நீ முப்பத்தொம்பதுங்கற. நடுவுல இருபத்தஞ்சு நிமிஷம் எங்க போச்சு?"

"ரோட்டுல போச்சு. வந்து பக்கத்துல உக்காருங்க, காட்டறேன்."

"காபி குடிக்க எறங்கினியா? சும்மா சொல்லு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

"பதிமூணு வருஷத்துல நடுவுல எறங்கினதே இல்ல மிஸ்டர் ஹேவர்லி. ஒண்ணுக்கு வந்தாக்கூட அடக்கிக்கிட்டு ஓட்டியிருக்கேன்."

"பாரு பெர்னிஸ், இந்தப் பெட்டிக்குள்ள ஒரு புத்தி வெச்சிருக்கோம். ரொம்ப மெதுவா வர்ற காரை அது கணக்குலயே சேத்துக்காது. எவனோ டோனட் கடையில நின்னுட்டு வர்றான்னு தூக்கிப் போட்டுடும். உன்னையும் அப்படித்தான் தூக்கிப் போட்டிருக்கு. பெட்டி காபி குடிக்காது. பொய்யும் சொல்லாது."

மறுநாள் கடிதம் வந்தது. ஓட்ட நேரங்களைப் பொய்யாகப் பதிந்த காரணத்தால் வேலையிலிருந்து நீக்கம். அடியில் டக்ளஸ் ஹேவர்லி என்று நீல மையில் வளைத்து வளைத்துக் கையெழுத்து.

அடப்பாவி, ஒரு தடவை அந்தக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தால் முடிந்துபோயிருக்குமே! முப்பத்தொன்பது நிமிடம் செலவழிக்க மனசில்லாமல் ஒருத்தியின் பதிமூன்று வருஷத்தைக் குப்பையில் போட்டான். பழைய பள்ளி பஸ் கம்பெனிக்குத் திரும்பப் போனாள். அங்கே அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். பொய் எழுதுகிறவளிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்றார்கள். மாதாகோவிலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குக் காசுப்பெட்டியில் உட்காருவது எப்போதும் பெர்னிஸ்தான். அந்த வருஷம் அவளிடம் சொல்லாமலே வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். பெர்னிஸ் தட்டில் மீனை வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தின்றாள். அந்த மீன் தொண்டையில் இறங்கவில்லை என்று பிறகு லென்னியிடம் சொன்னாள்.

"விடு பெர்னி. நமக்கு என்ன கொறச்சல்? என் பென்ஷன் வருது."

"எனக்கு வேலை வேணாம் லென். அவன் கையால எழுதித் தரணும். போர்டு பொய், பெர்னிஸ் நெசம்னு. அதே நீல மையில."

"அவனா? அவன் செத்தாலும் எழுத மாட்டான்."

"சாக விட்டாத்தானே."

டிசம்பரில் ஒரு நாள், ஹார்வுட் பக்கம் ஏதோ வேலை விஷயமாகப் போய்விட்டு, திரும்பும்போது அங்கே ரயில் ஏறினாள். கால்வாய் ரோட்டின் நட்டநடுவில்தான் ரயில் பாதை. இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ரயில். பக்கத்து டயர் தொழிற்சாலையில் மூன்றரைக்கு ஷிப்டு முடிந்து, மூன்று நாற்பத்தெட்டு எக்ஸ்பிரஸில் ஆட்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். நாலு பத்துக்கு இன்னொன்று, நாலரைக்கு இன்னொன்று. எல்லார் கையிலும் கைப்பேசி, பாதிப் பேர் காதில் கருவி. ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலை லாரிகளும் கார்களும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. மேலே பலகை பதினாலு என்று பளபளத்தது. பெர்னிஸ் பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஹார்வுட்டிலிருந்து கவுண்டி ஆபீஸ் நிறுத்தத்துக்கு ரயில் வந்து சேர்ந்தபோது மறுபடி பார்த்தாள். பதினாலு நிமிடம், பிசகவில்லை.

பெட்டிக்குக் காருக்கும் ரயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை! ரயிலில் போகிற நானூறு கைப்பேசிகளை நானூறு கார் என்று நினைத்துக்கொள்கிறது. மெய்யாகவே ரோட்டில் நின்று சாகிறவர்களை, காபி குடிக்கப் போனவர்கள் என்று தூக்கி எறிகிறது. ரோடு காலியாக இருக்கும் நேரத்தில் காருக்கும் அதே பதினாலு நிமிடம்தான் ஆகும் என்பதால் மற்ற நேரத்தில் குட்டு வெளிப்படுவதில்லை. சாயங்காலம் மாட்டிக்கொள்கிறவர்கள் பலகையைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். மறுநாள் அதையே நம்பி ரோட்டில் ஏறுவார்கள். கீழே பதினொரு சிக்னல் இருக்கிறதே, அதற்கு இது மேல் என்ற நப்பாசை.

கண்டதை அப்படியே எழுதி ஹேவர்லிக்கு அனுப்பினாள். பதில் இல்லை. ஓடெல்தான் போனில் சொன்னார். அவரை ஹேவர்லி தன் காரோட்டியாக வைத்துக்கொண்டிருந்தான்.

"உன் லெட்டரை ஆபீஸ்ல சத்தமாப் படிச்சுக் காட்டினான், பெர்னி. ரயில் பொம்பளைன்னு பேரு வெச்சிருக்கான். சிரிப்பான சிரிப்பு."

"நீயும் சிரிச்சியா?"

"நான் என்னத்தச் சிரிக்க. நானும் அந்த ரோட்ல ஓட்டினவன்தானே. ரெண்டு பொண்ணு காலேஜுல இருக்கு, வாய மூடிக்கிட்டேன். செருப்பால அடி என்னை."

அடுத்து கவுண்டிக்கே புகார் எழுதினாள். ஒப்பந்தக்காரரைப் பற்றிய புகார் ஒப்பந்தக்காரருக்கே போவதுதான் முறையாம். ஆறு வாரம் கழித்து ஹேவர்லியின் கம்பெனித் தாளில் பதில் வந்தது: எங்கள் பெட்டிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியானவை, தங்கள் அக்கறைக்கு நன்றி. திருடனைப் பற்றித் திருடனிடமே பிராது கொடுத்த கதை. பெர்னிஸ் அதை மடித்து, நீக்கல் கடிதத்தோடும் அந்த வியாழக்கிழமை எழுதிய மஞ்சள் தாளோடும் சேர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தாள். அதற்குப் பிறகு யாருக்கும் எழுதவில்லை.

வசந்தத்தில் கவுண்டியின் கொள்முதல் ஆபீஸில் ஜன்னல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். டெண்டர் உறைகளை வாங்கி, கடிகார இயந்திரத்தில் சொருகி, தேதியும் மணியும் முத்திரை குத்த வேண்டும். குறித்த மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் உறையைத் திறக்காமலே திருப்பித் தர வேண்டும். ஆபீஸின் தலைவி மாரிசோல் என்ற கண்டிப்பான அம்மாள். பெர்னிஸ் எதையும் ஒளிக்காமல் நீக்கல் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

மாரிசோல் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நான் உங்கள கார் ஓட்டக் கூப்பிடலையே. மணிய மணியாப் பாப்பீங்களா?"

"அது ஒண்ணுதாங்க எனக்குத் தெரியும்."

"அப்ப திங்கக்கெழம வந்துடுங்க."

அந்த ஜன்னலுக்கு ஹேவர்லி வந்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு சின்ன டெண்டர் போடுவான். முதல் தடவை அவன் லிப்டிலிருந்து வெளியே வந்ததும் பெர்னிஸ் முத்திரை இயந்திரத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். இதோ, முகத்தைப் பார்க்கப் போகிறான், ஏதாவது சொல்லப் போகிறான், சொன்னால் என்ன சொல்வது என்று யோசித்தாள். அவன் உறையை நீட்டி, "என்ன தங்கம், மணி ஆகலையே?" என்றான். அவ்வளவுதான். அவனுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பதிமூன்று வருஷம் தன் சம்பளத்தில் இருந்தவளை, தன் கையால் எவள் தலையில் மண்ணைப் போட்டானோ அவளை, அவனுக்கு யாரென்றே தெரியவில்லை! நீக்கியதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பாள். இதை மன்னிக்க அவள் தயாராக இல்லை.

ஒவ்வொரு தடவையும் அவன் பத்து நிமிடம் மிச்சம் வைத்து வருவான். கடைசி நேரம் வரைக்கும் பேரம் பேசி, காரில் உட்கார்ந்து விலையை எழுதி ஒட்டிக்கொண்டு வருவது அவன் பழக்கம். முத்திரை விழும்போது பக்கத்தில் நிற்கிற போட்டிக்காரர்களுக்குக் கேட்கும்படி சொல்வான்: "நான் எங்க போனாலும் என் போர்டைப் பாத்துத்தான் கெளம்புவேன். போர்டு பதினாலுன்னா பதினாலுதான். என் ஆபீஸ்ல வேற மேப்பைத் தொட்டா சீட்டைக் கிழிச்சிடுவேன்." டெண்டர்கள் எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு முடியும். இரண்டு மணிக்கு ரோடு காலி. பலகை அவனைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது.

பெர்னிஸ் ஒவ்வொரு தடவையும் முத்திரை குத்தி, நன்றி சொல்லி அனுப்பினாள். மூன்று வருஷத்துக்கு மேல் பொறுத்தாள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் பெரிய டெண்டர் வந்தது. கால்வாய் ரோட்டின் எல்லாப் பலகைகளும், எல்லாப் பெட்டிகளும், அடுத்த பத்து வருஷத்துக்கு யாருக்கு என்ற டெண்டர். ஹேவர்லியின் கம்பெனியே அதை நம்பித்தான் நின்றது. அறிவிப்பைத் தட்டச்சு செய்ய பெர்னிஸ் உட்கார்ந்திருந்தபோது மாரிசோல் எட்டிப் பார்த்தார்.

"அந்த வியாழக்கெழம ரெண்டு மணிக்கு நம்ம பெரிய ரூம் கெடையாது பெர்னிஸ். தேர்தல் ஆளுங்களுக்கு ட்ரெய்னிங்காம். காலைல பத்து, இல்லாட்டி சாயங்காலம் நாலரை. எது போடலாம்?"

பெர்னிஸ் தலையைத் தூக்கவில்லை. தட்டச்சுப் பலகைமேல் அவள் இரண்டு கட்டைவிரலும் ஒரே நேரத்தில் ஒரு தடவை அழுந்தின.

"நாலரை" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வதக்கிய முட்டைக்கோஸும். லென்னி விஷயத்தைக் கேட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பெர்னி, இது தப்பில்லையா?"

"என்ன தப்பு? அறிவிப்புல எட்டு வாரம் முன்னாடியே மணி போட்டிருக்கு. எல்லாருக்கும் ஒரே மணி. நான் ஒரு பொய் சொல்லல, ஒரு போர்டைத் தொடல. அவன் போர்டு யோக்கியம்னா அவன் பத்து நிமிஷம் முன்னாடி வந்து நிப்பான். நானே முத்திரை குத்தித் தர்றேன்."

"காலைலயே வந்துட்டான்னா?"

"அவனா?" பெர்னிஸ் ஒரு கொழுக்கட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். "ராஸ்கல் காலைல வந்தா நான் என் பேரை மாத்திக்கறேன்."

அந்த வியாழக்கிழமை வந்தது. மற்ற இரண்டு கம்பெனிக்காரர்களும் காலையிலேயே உறையைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, உறை திறப்பதைப் பார்க்கச் சாயங்காலம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெர்னிஸ் மத்தியானம் வாங்கிய இறைச்சி சாண்ட்விச்சைப் பிரிக்கக்கூட இல்லை. நாலாவது மாடி ஜன்னலிலிருந்து கால்வாய் ரோடு தெரியும். நாலு மணிக்குக் கார்கள் ஊர்ந்தன. நாலே காலுக்கு நின்றுவிட்டன. நடுவில் எக்ஸ்பிரஸ் மட்டும் அவற்றைக் கேலி செய்வதுபோல ஓடியது.

நாலு இருபது. வழக்கமாக அவன் வரும் நேரம். லிப்டு திறந்தது, தபால்காரர். நாலு இருபத்தேழு. மறுபடி திறந்தது, யாரோ கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். பெர்னிஸ் லிப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போனவன் ஒருவேளை கீழ்ரோட்டில் வந்துவிடுவானோ? கடைசி நிமிடத்தில் ஓடிவந்து, தங்கம் என்று இளித்துக்கொண்டு நீட்டிவிடுவானோ? நீட்டினால் முத்திரை குத்தத்தான் வேண்டும். குத்துவாள். அதற்கப்புறம் இன்னும் பத்து வருஷம் பலகை பொய் சொல்லும், இவள் பொய்க்காரியாகவே கிடப்பாள்.

கடிகாரம் நாலரையைத் தொட்டது. மாரிசோல் கையைத் தட்டி, "டெண்டர் முடிஞ்சுது" என்றார்.

ஹேவர்லி நாலு நாற்பத்தொன்பதுக்கு வந்தான். டை தோள்மேல் புரண்டு கிடந்தது, முகம் பீட்ரூட். பின்னாலேயே ஓடெல், அவசரமே இல்லாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இந்தா தங்கம், சீக்கிரம் குத்து!"

பெர்னிஸ் உறையை வாங்கி இயந்திரத்தில் சொருகினாள். டக். "நாலு நாப்பத்தொம்பது. நாலரைக்கே முடிஞ்சுது சார்."

"ரோட்டுல ட்ராஃபிக்கும்மா! நான் என்ன பண்ணுவேன்? இதுக்கு ஏதாவது வழி இருக்கும்ல?"

"தாமதக் காரணம் எழுத ஒரு படிவம் இருக்கு. எழுதிக் கொடுத்தா மேடம் பாப்பாங்க." மாரிசோல் தலையசைத்தார். பெர்னிஸ் படிவத்தைக் கிளிப் பலகையில் சொருகி, கூடவே ஒரு பேனாவையும் நீட்டினாள். நீல மை. காலையிலேயே எடுத்து வைத்தது.

"எந்த ரோட்டுல வந்தீங்க, எத்தன மணிக்கு ஏறினீங்க, எல்லாம் விவரமா எழுதணும் சார். மொட்டையா எழுதினா தள்ளிடுவாங்க."

"கால்வாய் ரோடு. ஹார்வுட்ல நாலு அஞ்சுக்கு ஏறினோம்."

"போர்டு ஏதாச்சும் சொல்லுச்சா?"

"பதினாலுன்னு சொல்லுச்சும்மா, அந்த எழவு! ஆச்சு பாரு முப்பத்தொம்பது!"

"அப்ப போர்டு தப்பு."

"தப்புத்தான்! சுத்தப் பொய்!"

"அதை எழுதுங்க. போர்டு சொன்னது பதினாலு, ஆனது முப்பத்தொம்பது, போர்டு தப்புன்னு." அவள் குரல் ஏறவே இல்லை. "நடுவுல காபி குடிக்க எங்கயாவது எறங்கினீங்களா?"

"காபியா? ஏம்மா, கிண்டல் பண்றியா? உயிரக் கையில புடிச்சிக்கிட்டு வர்றேன்!"

"கேக்கணும் சார். வழக்கமா கேப்பாங்க. எறங்கலைன்னும் எழுதிடுங்க."

அவன் எழுதினான். பேனா கிழிக்கிற அழுத்தத்தில் எழுதினான். அடியில் டக்ளஸ் ஹேவர்லி என்று வளைத்து வளைத்துப் போட்டான். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள் பெர்னிஸ். ஓடெல் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்துப் படிவத்தோடு வைத்தார்.

"பழக்கம் விடமாட்டேங்குது பெர்னி. என்னைத் தாண்டினது இருபத்திரெண்டு, நான் தாண்டினது இருபத்திரெண்டு. முப்பத்தொம்பது நிமிஷம். கீழ்ரோட்டுல போலாமா சார்னு ரெண்டு தடவை கேட்டேன். போர்டைப் பாருய்யான்னாரு. பாத்தேன்." சொல்லிக்கொண்டே சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். "நாலு வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்."

மாரிசோல் படிவத்தை எடுத்துப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"மிஸ்டர் ஹேவர்லி, இந்த போர்டு உங்களோடதுதானே?"

நாற்காலியில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் குபீரென்று சிரித்தார். "இல்ல, அது வந்து... குடுங்க, அதக் குடுங்க, நான் வேற எழுதித் தர்றேன்" என்று ஹேவர்லி கையை நீட்டினான். பெர்னிஸ் அதற்குள் படிவத்தை வாங்கி இயந்திரத்தில் சொருகிவிட்டாள். டக்.

"முத்திரை விழுந்துட்டா கவுண்டியோட காயிதம் சார். இனிமே கோப்புல இருக்கும். யார் வந்து கேட்டாலும் நகல் குடுக்கணும், அதுதான் சட்டம்."

மாரிசோல் நிதானமாகச் சொன்னார்: "போக்குவரத்து நெரிசல் ஒரு காரணமாகாது. உங்க உறையைத் திறக்க முடியாது. ஆனா இந்தப் பலகை விஷயத்தை நான் மேல அனுப்பியே ஆகணும்."

அப்போதுதான் பெர்னிஸ் மேஜை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முந்தைய தன் மஞ்சள் தாளை ஓடெலின் மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அதே வியாழக்கிழமை, அதே நாலு அஞ்சு, அதே பதினாலு, அதே முப்பத்தொன்பது. அதன் மேல் நீக்கல் கடிதத்தை வைத்தாள்.

"என்ன, ஞாபகம் வருதா?"

அவன் கடிதத்தைப் பார்த்தான், கையெழுத்தைப் பார்த்தான், கடைசியில் ஒரு வழியாக அவள் முகத்தைப் பார்த்தான். "நீ... அந்த ரயில் பொம்பளை."

"பெர்னிஸ் ஸரெம்பா. பதிமூணு வருஷம் உங்ககிட்ட ஓட்டினேன், ஒரு தடவகூட எறங்கல. பொய்க்காரின்னு எழுதினீங்க. இப்ப உங்க கையாலயே மாத்தி எழுதிக் குடுத்துட்டீங்க. ரொம்ப நன்றி."

திறக்காத உறையை அவள் அவன் கையில் வைத்து, அவன் விரல்களை அதன்மேல் மடக்கியும் விட்டாள்.

"அடுத்த தடவ அவசரமா வரணும்னா ரயில்ல வாங்க, மிஸ்டர் ஹேவர்லி. பதினாலே நிமிஷம். உங்க போர்டு சொல்றது அதத்தான்."

ஐந்து மணி ஆனதும் பெர்னிஸ் தன் பையிலிருந்து நகல் கட்டணம் கால் டாலர் நாணயத்தை எடுத்து, வெளியாள் மாதிரி ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வந்து வைத்து, அந்தப் படிவத்துக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாதாகோவில் விருந்தில், காசுப்பெட்டி மேஜைமேல், எல்லாரும் தட்டோடு வரிசையில் நிற்கிற இடத்தில் அதை ஒட்டிவிட்டு, போய் மீன் வாங்கித் தின்றாள்.